மிதித்தும் கார் வேகம் எடுக்கவில்லையா? ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார் கோளாறை எண்களை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்திக்கொண்டிருக்கிறீர்கள். ஆக்ஸிலரேட்டரில் கால் அழுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கார் திடீரெனத் தளர்கிறது, டேஷ்போர்டில் மஞ்சள் நிற செக் என்ஜின் விளக்கு எரிகிறது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏற மறுக்கிறது. எப்படியோ ஓரங்கட்டி, அணைத்துவிட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்தால், எதுவுமே நடக்காததுபோல் ஓடுகிறது. மறுநாள் சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் பதில்: "பெடல் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்."

மாற்றத்தான் வேண்டுமா? சில நேரம் ஆமாம். ஆனால் அதே அறிகுறி ஒரு கழன்ற கனெக்டராலும் வரலாம், எலி கடித்த வயராலும் வரலாம், பெடலுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு சென்சாராலும் வரலாம். பாகத்தை மாற்றிப் பணம் கொடுத்த பிறகும் கோளாறு திரும்பி வந்தால் நஷ்டம் உங்களுக்கு. அது வலது லேனில் திரும்பி வந்தால் ஆபத்தும் உங்களுக்குத்தான்.

இதைக் கண்டுபிடிக்க நீங்கள் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. இரண்டு எண்களை ஒப்பிடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெடலுக்கும் என்ஜினுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

பழைய கார்களில் ஆக்ஸிலரேட்டர் பெடலில் இருந்து என்ஜினுக்கு ஒரு இரும்பு கேபிள் போகும். நீங்கள் மிதித்தால் கேபிள் இழுக்கும், காற்று போகும் வழி திறக்கும். அவ்வளவுதான்.

இன்று ஷோரூமில் இருந்து வரும் கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அந்தக் கேபிள் இல்லை. பெடலில் உள்ள சென்சார், உங்கள் கால் எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்பதை ஒரு மின்னழுத்தமாக மாற்றி, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு-வுக்கு அனுப்புகிறது. பெட்ரோல் கார் என்றால் ஈசியு, த்ராட்டில் பாடியில் உள்ள மோட்டாரைத் திருப்பிக் காற்றை விடுகிறது. டீசல் என்றால் எவ்வளவு எரிபொருளைப் பீய்ச்சுவது என்று முடிவு செய்கிறது. மின்சார கார் என்றாலும் பெடல் சென்சார் உண்டு, அங்கே அது மோட்டாரின் விசையைத் தீர்மானிக்கிறது.

அதாவது, நீங்கள் மிதிப்பது என்ஜினுக்கு நேரடிக் கட்டளை அல்ல, ஒரு கோரிக்கை. அந்தக் கோரிக்கையை நம்பலாமா என்று ஈசியு ஒவ்வொரு கணமும் சரிபார்க்கிறது.

ஏன் இரண்டு சென்சார்?

ஒரே சென்சார் இருந்து, அது தவறாக "முழுசா மிதிச்சிருக்காங்க" என்று சொன்னால்? அதனால்தான் ஒரே பெடலுக்குள் இரண்டு சென்சார்கள். பொதுவாக ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 5 வோல்ட் வயர், எர்த் வயர், சிக்னல் வயர். ஆக மொத்தம் 6 வயர்கள்.

இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லாது. வேண்டுமென்றே வேறுபடுத்தி வைத்திருப்பார்கள். பரவலாக உள்ள ஒரு வடிவமைப்பில், இரண்டாவது சென்சாரின் மின்னழுத்தம் முதலாவதில் சரிபாதி. உதாரணத்துக்கு:

- காலை எடுத்த நிலையில்: முதல் சென்சார் 0.8 வோல்ட், இரண்டாவது 0.4 வோல்ட்
- பாதி மிதித்தால்: 2.4 வோல்ட், 1.2 வோல்ட்
- முழுசாக மிதித்தால்: 4.0 வோல்ட், 2.0 வோல்ட்

வேறு சில கார்களில் பாதிக்குப் பதிலாக, இரண்டுக்கும் நடுவே நிலையான ஒரு இடைவெளி இருக்கும். உங்கள் காருக்கு எது என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். விதி எதுவாக இருந்தாலும், அது பெடலின் முழு நீளத்துக்கும் மாறக்கூடாது.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? அளவு 0-வில் தொடங்கவில்லை, 5-இல் முடியவும் இல்லை. இதுவும் திட்டமிட்டதுதான். வயர் அறுந்தாலோ எர்த்தில் உரசினாலோ சிக்னல் 0-வை ஒட்டி விழும். 5 வோல்ட் வயரோடு உரசினால் 5-ஐ ஒட்டி ஏறும். ஆரோக்கியமான பெடல் இந்த இரண்டு ஓரங்களுக்கும் போகாது என்பதால், போனாலே ஏதோ கோளாறு என்று ஈசியு புரிந்துகொள்கிறது.

சென்சார் பழுதானால் கார் தானாகப் பாயுமா?

பலருக்கும் வரும் பயம் இது. இந்த அமைப்பு அதற்கு நேர்மாறாக நடக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஒரு சென்சார் கெட்டால், பல கார்களில் ஈசியு மற்றொன்றை மட்டும் வைத்துக்கொண்டு சக்தியைக் குறைத்துவிடும். இரண்டும் கெட்டால் பெடலையே கண்டுகொள்ளாமல், என்ஜினை ஐடிலிலோ அதற்குச் சற்று மேலோ ஓட்டும். இதைத்தான் லிம்ப் மோடு என்கிறார்கள், நொண்டிக்கொண்டாவது ஓரம் போய்ச் சேரும் நிலை.

உலகில் இந்த சென்சார் அதிகம் அலசப்பட்டது டொயோட்டா விவகாரத்தில். கார்கள் தானாக வேகமெடுப்பதாக அமெரிக்காவில் புகார்கள் குவிந்தன. 2010 ஜனவரியில், மிதித்த பெடல் மெதுவாகத் திரும்புவதாகவோ சிக்கிக்கொள்வதாகவோ சொல்லி சுமார் 23 லட்சம் வாகனங்களை அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. அது இயந்திரக் கோளாறு. தரை விரிப்பில் பெடல் மாட்டிக்கொள்வது இன்னொரு காரணமாக இருந்தது.

மின்னணுப் பகுதியை ஆராயும் வேலை நாசாவிடம் போனது. 2011 பிப்ரவரியில் வெளியான அறிக்கை, த்ராட்டில் தானாகப் பெரிய அளவில் திறந்துகொள்ள மின்னணுக் காரணம் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றது. அதே ஆய்வில், பழுதான ஒரு கேம்ரி பெடலுக்குள் மயிரிழை போன்ற வெள்ளீய இழை வளர்ந்து இரு சிக்னல்களையும் இணைத்திருந்ததும் தெரியவந்தது. ஆனாலும் சர்ச்சை அதோடு ஓயவில்லை. 2013 அக்டோபரில் ஓக்லஹோமாவில் ஒரு நடுவர் குழு, மென்பொருள் குறித்த நிபுணர் சாட்சியத்தைக் கேட்ட பின் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

நமக்கான பாடம்: இரண்டு சிக்னல்களும் தனித்தனியாக இருக்கும்வரைதான் பாதுகாப்பு. அவற்றின் உறவு கெட்டதாக கார் எச்சரித்தால், "ஸ்டார்ட் ஆகுதே, போதும்" என்று விட்டுவிடக்கூடாது.

முதல் வேலை: பிழைக் குறியீட்டைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பகுதியில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓபிடி போர்ட். சில நூறு ரூபாயில் இருந்தே கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டரை அதில் செருகி, போனில் ஒரு ஆப் வழியாகக் குறியீடுகளைப் படிக்கலாம். பெடல் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் இவை:

- பி2122: முதல் சென்சாரின் சிக்னல் மிகக் குறைவு
- பி2123: முதல் சென்சாரின் சிக்னல் மிக அதிகம்
- பி2127: இரண்டாவது சென்சாரின் சிக்னல் மிகக் குறைவு
- பி2128: இரண்டாவது சென்சாரின் சிக்னல் மிக அதிகம்
- பி2138: இரண்டு சென்சார்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை

இவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடாத ஒன்று பி2135. அதுவும் "இரண்டும் ஒத்துப்போகவில்லை" என்றுதான் சொல்லும். ஆனால் அது பேசுவது த்ராட்டில் பாடியில் உள்ள சென்சார்களைப் பற்றி. ஒரு இலக்கத்தைத் தவறாகப் படித்தால் தவறான பாகத்தை வாங்குவீர்கள்.

குறியீடு சொல்வது எந்தச் சுற்றில் கோளாறு என்பதை மட்டுமே. எந்தப் பாகம் என்பதை அல்ல. பி2122 வந்தால் சென்சாரும் காரணமாக இருக்கலாம், வயரும் காரணமாக இருக்கலாம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு "ரீசெட் பண்ணியாச்சு" என்பது பலரும் செய்யும் வேலை. அப்படிச் செய்தால் குறியீட்டோடு சேர்த்து, கோளாறு வந்த கணத்தில் என்ஜின் சுழற்சி, வேகம், வெப்பநிலை எல்லாம் என்னவாக இருந்தன என்று ஈசியு எடுத்து வைத்த பதிவும் போய்விடும். முதலில் ஸ்க்ரீன்ஷாட், மற்றதெல்லாம் பிறகு.

நேரலை எண்களில் எதைப் பார்க்க வேண்டும்?

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலிலோ 'பார்க்' நிலையிலோ வையுங்கள். இக்னிஷன் ஆன், என்ஜின் ஆஃப். ஆப்பில் ஆக்ஸிலரேட்டர் பெடல் நிலை 'டி', பெடல் நிலை 'இ' என்ற இரண்டையும் தேர்ந்தெடுங்கள். இவைதான் அந்த இரண்டு சென்சார்கள்.

காலை வைக்காதபோதே 16 சதவீதம், 8 சதவீதம் என்று காட்டினால் பதற வேண்டாம். பல கார்களில் இது 5 வோல்ட்டில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. 0.8 வோல்ட் என்றால் 16, 0.4 வோல்ட் என்றால் 8. முழுசாக மிதித்தாலும் 100 வராமல், 80-ம் 40-ம் வந்து நிற்பதும் இதே காரணத்தால்தான்.

இப்போது பெடலை மிக மெதுவாக, 10 நொடி எடுத்துக்கொண்டு கீழே அழுத்துங்கள். அதே வேகத்தில் மேலே விடுங்கள். நாலைந்து முறை இதைச் செய்து, ஆப்பில் பதிவான எண்களை எக்ஸெலில் திறங்கள். மூன்றாவதாக ஒரு காலம் சேருங்கள்: முதல் எண்ணில் இருந்து, இரண்டாவது எண்ணின் இரு மடங்கைக் கழியுங்கள். பாதிக்குப் பாதி வடிவமைப்பு என்றால் விடை எப்போதும் 0-வை ஒட்டியே இருக்க வேண்டும். இடைவெளி வடிவமைப்பு என்றால் இரண்டையும் நேராகக் கழித்துப் பாருங்கள், விடை மாறாமல் இருக்க வேண்டும்.

விடை வேறு மாதிரி வந்தால்:

- குறிப்பிட்ட ஒரே இடத்தில் மட்டும், ஒவ்வொரு முறையும் எண் துள்ளினால், சென்சாரின் உள் தடம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். உரசி இயங்கும் பழைய வகை சென்சார்களில் காலை அடிக்கடி வைத்திருக்கும் பகுதி தேய்வது இயல்பு. காந்தப்புலத்தால் இயங்கும் புதிய வகைகளில் இந்தத் தேய்மானம் இல்லை.
- பெடல் எங்கே இருந்தாலும், நேரம் காலம் இல்லாமல் எண் விழுந்தால், வயர் அல்லது கனெக்டரைச் சந்தேகியுங்கள். ஒருவர் எண்ணைப் பார்க்க, மற்றவர் பெடலுக்கு மேலே உள்ள வயர்க்கொத்தை மெதுவாக அசைக்கட்டும். அசைக்கும்போது எண் துள்ளினால் குற்றவாளி சிக்கியாச்சு.
- காலை எடுத்த பிறகும் எண் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், முதலில் தரை விரிப்பையும் பெடலின் ஸ்பிரிங்கையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. மலிவான அடாப்டர்கள் இரண்டு எண்களையும் ஒரே கணத்தில் வாங்குவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்குகின்றன. பெடலை வேகமாக மிதித்தால், இல்லாத வித்தியாசம் இருப்பதுபோல் தெரியும். நொடியில் மிகச் சிறு பகுதிக்கு மட்டும் வந்து போகும் துள்ளலை அவை தவறவிடவும் கூடும். அதனால் எண்கள் சுத்தமாக இருக்கிறது என்பதாலேயே பெடல் நிரபராதி என்று முடிவு கட்ட முடியாது. எண்களில் தவறு தெரிந்தால், அது நல்ல ஆதாரம்.

பெடலா, த்ராட்டில் பாடியா, வேறு எதுவுமா?

பெட்ரோல் காரில் மூன்று எண்களை வரிசையாகப் பாருங்கள். பெடல் நிலை என்ன, ஈசியு கேட்ட த்ராட்டில் அளவு என்ன, உண்மையில் திறந்த அளவு என்ன.

பெடல் எண்ணே தடுமாறினால் பெடல் பக்கம் கோளாறு. பெடல் சரியாக ஏறி, ஈசியு கேட்ட அளவும் ஏறி, த்ராட்டில் மட்டும் திறக்காவிட்டால் த்ராட்டில் பாடி அல்லது அதன் மோட்டார். பெடல் சரியாக இருந்தும் ஈசியு அளவைக் கேட்கவே இல்லை என்றால், வேறு ஏதோ காரணத்துக்காக அது சக்தியைக் கட்டுப்படுத்துகிறது. டர்போ கோளாறு, டீசல் காரில் அடைத்துக்கொண்ட புகை வடிகட்டி, பிரேக் சுவிட்ச் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

பிரேக் சுவிட்ச் எப்படி என்கிறீர்களா? பல கார்களில் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒன்றாக மிதிக்கப்பட்டால், பிரேக் சொல்வதைத்தான் கணினி கேட்கும். பழுதான பிரேக் சுவிட்ச் "பிரேக் மிதிச்சிருக்கு" என்று பொய் சொன்னால் கார் வேகமெடுக்காது. யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி பிரேக் விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். செலவே இல்லாத சோதனை.

மல்டிமீட்டர் சோதனை: பாகம் மாற்றும் முன் 10 நிமிடம்

பழக்கம் இல்லை என்றால் இதை ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மஞ்சள் நிற உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குக்கானவை, அவற்றைத் தொடவே கூடாது.

பெடல் கனெக்டரை மாட்டியபடியே, பின்பக்கமாக மீட்டரின் முனையை வைத்து அளக்க வேண்டும். இக்னிஷன் ஆன். 5 வோல்ட் வயர்கள் இரண்டிலும் 5-ஐ ஒட்டி வர வேண்டும். எர்த் வயர்களில் 0.1 வோல்ட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்து, வயர் ஈசியு வரை அறுபடாமல் இருந்து, சிக்னல் மட்டும் தவறாக இருந்தால் பெடலை மாற்றலாம்.

5 வோல்ட் வரவில்லையா? புதிய பெடலும் வேலை செய்யாது. சில கார்களில் அதே 5 வோல்ட் வேறு சென்சார்களுக்கும் போகிறது. ஏசி பிரஷர் சென்சார் போன்ற ஏதோ ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், பெடலுக்கும் மின்சாரம் வராது. பி0642 போன்ற குறியீடு கூடவே வந்திருந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் காரணம்.

எர்த் அறுந்தால் சிக்னல் பெரும்பாலும் மேலே ஏறும். "மிக அதிகம்" என்ற குறியீடு வந்தவுடன் எர்த் வயரைச் சோதிப்பது அதனால்தான்.

முதலில் சந்தேகிக்க வேண்டியவை

- எலி: பல நாள் நிறுத்தி வைத்த காரில் வயர் உறையை எலி கடித்திருக்கிறதா பாருங்கள்.
- தண்ணீர்: மழை வெள்ளத்தில் நின்ற கார், கதவு வழியாகத் தண்ணீர் அடித்துக் கழுவிய கார். கனெக்டருக்குள் பச்சை நிறப் படிவு இருந்தால் அதுவே பதில்.
- தடித்த தரை விரிப்பு: வெளியில் வாங்கிப் போடும் கனமான விரிப்புகள் பெடலின் ஓட்டத்தைத் தடுக்கலாம்.
- பிக்கப் கூட்டும் கருவி: பெடலுக்கும் ஈசியு-வுக்கும் நடுவே செருகப்படும் இந்தப் பெட்டி, சிக்னலையே மாற்றி அனுப்புகிறது. குறியீடு வந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். வாரன்டி தகராறுக்கும் இது காரணமாகலாம்.

நடுவழியில் வந்தால்?

ஹசார்டு விளக்கைப் போடுங்கள், இண்டிகேட்டரோடு மெதுவாக இடது ஓரத்துக்கு வாருங்கள். அணைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் கார் சரியாகிவிடலாம். அது குணமானதாக அர்த்தம் இல்லை. பக்கத்துப் பணிமனை வரை இடது லேனில் போக மட்டும் பயன்படுத்துங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 உதவி எண் உண்டு.

எதிர்மாறாக, காலை எடுத்தும் வேகம் குறையாவிட்டால்: பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்துங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள். கியரை நியூட்ரலுக்கு மாற்றுங்கள். கார் நின்ற பிறகு அணையுங்கள். ஓடும்போதே அணைத்தால் ஸ்டியரிங் கனமாகிவிடும், சாவியை உருவினால் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

சர்வீஸ் சென்டரில் என்ன கேட்பது?

"என்ன குறியீடு வந்தது? பிரின்ட் கொடுங்க." "கனெக்டர்ல 5 வோல்ட்டும் எர்த்தும் அளந்தீங்களா, எவ்வளவு வந்தது?" "வயரை அசைச்சுப் பார்த்தீங்களா?" இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் வந்த பிறகு பாகத்தை மாற்றச் சம்மதியுங்கள். மாற்றினால் பழைய பெடலைக் கேட்டு வாங்குங்கள். சில கார்களில் புதிய பெடலின் தொடக்க நிலையை ஸ்கேனர் வழியாக ஈசியு-வுக்குப் பழக்க வேண்டும். அது முடிந்ததா என்றும் கேளுங்கள்.

ஒரே மாடலில் பலருக்கு வந்தால்?

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 7 ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். ஒரு மாடல் எத்தனை விற்கிறது, எத்தனை பேர் புகார் செய்திருக்கிறார்கள் என்ற கணக்கின் அடிப்படையில்தான் நடவடிக்கை.

வாட்ஸ்அப் குழுவில் புலம்பினால் அந்தக் கணக்கில் ஒன்று கூடாது. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் புகாரைப் பதிவு செய்தால் கூடும். உங்கள் காருக்கு ஏற்கெனவே அழைப்பு இருக்கிறதா என்பதை, 17 இலக்க சேஸிஸ் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் பார்க்கலாம். தேவையில்லாமல் பாகம் மாற்றிப் பணம் வாங்கியதாகக் கருதினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எந்தப் புகாருக்கும் உங்கள் கையில் இருக்கும் பதிவுதான் பலம். கார் நன்றாக ஓடும் இந்த வாரத்திலேயே ஒருமுறை பெடல் எண்களைப் பதிவு செய்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு கழித்து "சென்சார் போயிடுச்சு சார்" என்று யாராவது சொன்னால், ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒரு அளவு இருக்கும்.